ஒரு சின்ன உறை

வணக்கம் நேயர்களே. இன்று உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசப்போகிறேன். மதுரையை விட்டு இங்கிலாந்துக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பழைய மாடல் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில், கறுப்பு நிறத்தில் ஒரு குட்டி எஞ்சின் கிடந்தது. கையில் எடுத்தேன். "அது ஓடாது, அலமாரியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்" என்றார் விற்றவர். அந்த வார்த்தைக்காகவே அதை வாங்கினேன்.

அது டிரையாங் என்ற இங்கிலாந்துப் பொம்மை ரயில் கம்பெனியின் ஜின்டி. நிஜ ஜின்டி என்பது ஆறு சக்கர நீராவி எஞ்சின். ஸ்டேஷன் யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோர்க்கிற வேலைக்கு அதைத்தான் விடுவார்கள். 1924 முதல் 1931 வரை 422 எஞ்சின்கள் கட்டினார்கள். அதை 76-ல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 12 வோல்ட்டில் ஓடும்படி 1950-களில் டிரையாங் கொண்டுவந்தது. 1954-லிருந்து இவர்களுடைய ரயில் தொழிற்சாலை கென்ட் மாவட்டத்தில், கடலோர ஊரான மார்கேட்டில் இருந்தது. உள்ளே இருக்கும் மோட்டாருக்கு எக்ஸ் 04 என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டால் பழைய ரயில் பிரியர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அதில் மூடிமறைத்தது எதுவும் கிடையாது. காந்தம், காயில், கம்யூட்டேட்டர், கார்பன் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், பிரித்துவிடலாம். பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டலாம் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். இன்றைக்கு வருகிற மூடிய டப்பா மோட்டார்களைக் கெட்டதும் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்தேன். கன்ட்ரோலர் குமிழைத் திருப்பியதுமே சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் துண்டித்துக்கொண்டது. அப்படியென்றால் எங்கோ ஷார்ட், அதாவது மின்சாரம் காயிலுக்குப் போகாமல் குறுக்கு வழியில் ஓடுகிறது. ஒரு விதத்தில் இது நல்ல சேதி. எந்தச் சலனமும் இல்லாமல் கிடந்தால் காயில் அறுந்திருக்குமோ என்று பயப்பட வேண்டும். ஷார்ட் என்றால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

பாடியைக் கழற்றினேன். மிக்ஸி பழுதுபார்க்கிறவர்கள் இந்த மோட்டாரைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். நடுவில் காயில் சுற்றிச் சுழல்வது ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்பு வளையம், மூன்று துண்டாகப் பிரிந்தது. அதுதான் கம்யூட்டேட்டர். அதன் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு மின்சாரத்தைக் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ். அவற்றை அழுத்திப் பிடிப்பது இரண்டு கால் உள்ள ஒரே ஒரு ஸ்பிரிங் கம்பி. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே கம்பி இரண்டு கார்பனையும் தொடுகிறது அல்லவா? இரண்டு காலும் வெறும் கம்பியாக இருந்தால் மின்சாரம் காயிலுக்குள் போகவே போகாது. ஒரு கார்பனிலிருந்து ஸ்பிரிங் வழியாக மற்ற கார்பனுக்கு நேராக ஓடிவிடும். அதனால் ஒரு காலுக்கு மட்டும் மெல்லிய உறை போட்டிருப்பார்கள், அரிசி மணி நீளத்துக்கு.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உறை இல்லை. எப்போதோ யாரோ கார்பன் மாற்றப் பிரித்திருக்கிறார்கள், உறை கீழே விழுந்து உருண்டிருக்கும், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு மீட்டர் வைத்தேன். ஷார்ட் போயே போய்விட்டது. மெல்லிய ஒயர் ஒன்றின் மேல்தோலை உருவி, ஒரு துண்டு நறுக்கி அந்தக் காலில் மாட்டினேன். ஆன செலவு அந்தத் துண்டு ஒயர் மட்டும்தான்.

ஆனால் உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் கம்யூட்டேட்டர். அது செம்பு மாதிரியே இல்லை, கரி பிடித்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, ஆர்மேச்சரை விரலால் சுற்றிக்கொண்டே துடைத்தேன். ஏழெட்டுக் குச்சி கறுத்த பிறகுதான் செம்பு நிறம் எட்டிப்பார்த்தது. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் இதற்கு ஆகாது. அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், காய்ந்தாலும் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். உப்புத்தாளும் போடாதீர்கள். அது கீறிய கோடுகளில் கார்பன் தூள் போய் உட்கார்ந்துகொள்ளும், கார்பனும் சீக்கிரம் தேயும். மூன்று துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளைப் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். கார்பன் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து அங்கே மை மாதிரி அடைந்து கிடந்தன. அந்த மை மின்சாரத்தைக் கடத்தும். பல எஞ்சின்கள் திக்கித்திக்கி ஓடுவதற்கு அதுதான் காரணம்.

துடைத்த பிறகு மீட்டரை வைத்து, இரண்டிரண்டு துண்டுக்கு நடுவே மின்தடையை மூன்று முறை அளந்தேன். மூன்றும் ஒரே அளவு காட்டினால் காயில் மூன்றும் சரி. காட்டின. துண்டுக்கும் தண்டுக்கும் நடுவே மின்தொடர்பு எதுவும் காட்டக் கூடாது. காட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆர்மேச்சரை வெளியே எடுக்கலாமா என்று கேட்பீர்கள். அவசியம் இல்லாமல் எடுக்காதீர்கள். அந்தக் காலத்துக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் நடுவே இரும்பு இல்லாமல் போனால் அதன் பலம் குறைந்துவிடும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டவைத்துவிட்டு எடுக்க வேண்டும். காந்தம் பலம் குறைந்த மோட்டார் நிறைய மின்சாரம் குடிக்கும், சூடாகும், நாலு பெட்டியைக்கூட இழுக்காது.

அப்புறம் சக்கரங்கள். பின் அச்சில் சிவப்புக் கம்பளி நூல் இறுகச் சுற்றியிருந்தது, கூடவே நீளமான பொன்னிற முடி ஒன்று. எந்த வீட்டுத் தரையில், எந்தக் குழந்தைக்காக ஓடியதோ. சாமணத்தால் ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். பல்சக்கரத்தில் இருந்த கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது. அதையும் வழித்துவிட்டுக் கொஞ்சம் புது கிரீஸ் வைத்தேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எது கிறீச்சிட்டாலும் கை முதலில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான் போகும். இங்கே மார்கழிக் குளிரில் அது பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடுகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். மோட்டாருக்குள்ளும் அப்படித்தான் உறையும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது. தண்டின் இரண்டு முனையிலும் எண்ணெய் குடித்து வைத்துக்கொள்ளச் சின்ன கம்பளித் துண்டு உண்டு. ஊசி முனையில் தொட்டு ஆளுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். கம்யூட்டேட்டர் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது.

தண்டவாளத்தில் வைத்துக் குமிழை மெல்லத் திருப்பினேன். முதலில் ஒரு முனகல். பிறகு கம்யூட்டேட்டரில் நீலப் பொறி ஒன்று. ஜின்டி அரை அங்குலம் நகர்ந்து நின்றது. விரலால் லேசாகத் தள்ளினேன். போனது, நிற்காமல் போனது. புதிதாகத் துடைத்த கம்யூட்டேட்டரில் கார்பன் பொருந்தி உட்கார நேரம் வேண்டும். அதனால் வேகம் கூட்டாமல் முன்பக்கமாக அரை மணி நேரம், பின்பக்கமாக அரை மணி நேரம் ஓடவிட்டேன். நேரம் ஆக ஆகப் பொறி குறைந்தது, சத்தமும் தணிந்து ஒரே சீராக வந்தது.

நிறுத்திவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, விரலைச் சுடவில்லை. பாடியை எடுத்து மேலே பொருத்தினேன்.

நன்றி, வணக்கம்.