குரல்கள் நின்றுவிட்டன, அப்புறம் ஏன் எழுந்து வரவில்லை?

[காட்சி: திருவையாறு பக்கம் ஒரு வாய்க்கால் கரை. வயலில் நடவு நடக்கிறது.]

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இந்த ஊரில் ஒரு பையனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). மனநோய் தீர வேண்டிக்கொண்டு போகும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு மாத்திரையில் காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கின. வீட்டுக்கு நிம்மதி. ஆனால் அவன் திண்ணையை விட்டு எழவில்லை. "நடவு ஆள் வந்துட்டாங்க, எந்திரிப்பா" என்றால் சுவரைப் பார்க்கிறான். ஊர் அவனுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டிவிட்டது.

[காட்சி: திண்ணை. காலை வெயில்.]

நோயே ஆசையை வற்றவைத்திருக்கலாம். மருந்தால் உடம்பு விறைத்திருக்கலாம். அல்லது மனச்சோர்வாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துப் பார்க்கவென்றே கால்கரி அளவுகோல் என்று ஒன்று 1990-ல் கனடாவில் உருவானது. நம்பிக்கை போய்விட்டதா, குற்ற உணர்வு அரிக்கிறதா, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்தச் சோர்வில் நியாயம் இருக்கிறது. புத்தி தெளிந்ததும்தான் அவனுக்கு நடந்தது புரிகிறது. படிப்பு பாதியில் நின்றது, பேசிய சம்பந்தம் முறிந்தது, கூடப் படித்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான். இதற்கெல்லாம் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போக முடியுமா?

[காட்சி: சிறிய அறை. இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு.]

இங்கேதான் பேச்சு சிகிச்சை வருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையால் பின்னாளில் பேர் பெற்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 1952-லேயே மனச்சிதைவு உள்ள ஒருவருடைய பிரமையைப் பேசிப் பேசித் தளர்த்தியதை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல், மருந்தோடு சேர்த்துக் குறைந்தது 16 அமர்வு என்கிறது. "தைரியமா இரு" என்று அறிவுரை சொல்வதல்ல இது.

"நாளைக்குக் காலையில என்ன செய்ய முடியும் தம்பி?"
"மாட்டுக்குத் தண்ணி காட்டலாம் சார்."
"சரி, அது போதும். காட்டினப்புறம் மனசு எப்படி இருந்துச்சுன்னு பத்துக்கு ஒரு மார்க் போட்டு நோட்டுல எழுதுங்க."

கவனம் சீக்கிரம் சிதறும் என்பதால் அமர்வு சின்னதாக இருக்கும். பேசியது நோட்டில் ஏறும். பழகியபின் "நான் வீட்டுக்குப் பாரம்" என்ற எண்ணத்தை எடுத்து, அதற்கு என்ன சாட்சி, எதிர்சாட்சி என்ன என்று இருவருமாகப் பார்ப்பார்கள். மாயமெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் நகரும்.

[காட்சி: புறநோயாளிகள் வரிசை.]

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் தற்கொலையில் இறக்கிறார்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ வேறு அரசு ஆஸ்பத்திரிக்கோ போனால், "குரல் கேக்கலைங்க, நல்லாருக்கான்" என்பதோடு சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். தூக்கம், சாப்பாடு, கை கால் விறைப்பு, அவன் தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பேச்சு சிகிச்சைக்கு யாரைப் பார்ப்பது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.