ஊட்டிக்கு ஏறினதும் வேக்குவம் ஏன் திணறுது? கட்டர் கிளீனிங் மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

(திரையில்: மூடுபனி, தகரக் கூரை, நிரம்பி வழியும் கட்டர். சுவரில் பச்சைப் பாசிக் கோடு.)

கோயம்புத்தூர் கடையில உங்க கண் முன்னாடி ஒரு வாளி ஈர மண்ணை அப்படியே உறிஞ்சின வேக்குவம். பணம் கட்டி, வண்டியில ஏத்தி, ஊட்டிக்குக் கொண்டு வந்து போட்டா அதே மண்ணுக்குத் திணறுது. மெஷின்ல பழுது இல்ல. கடைக்காரர் ஏமாத்தவும் இல்ல. ஊட்டியில பருப்பு வேக ஏன் நேரமாகுதோ, அதே காரணம்தான் இதுக்கும். எப்படின்னு சொல்றேன், கடைசி வரைக்கும் இருங்க.

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்னு மலையில புதுசா ஜன்னல் கண்ணாடி துடைக்கிற தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்கான வீடியோ இது. காட்டேஜ்ல கண்ணாடி துடைக்கப் போனா, அடுத்த நிமிஷமே ஓனர் கை மேல நீளும்: "தம்பி, அந்தக் கட்டரையும் பார்த்துடுங்களேன்." கட்டர்னா தெருச் சாக்கடை இல்லைங்க. கூரை ஓரத்துல மழைத்தண்ணி வாங்க மாட்டியிருக்கிற நீளத் தகடு. அதுல இருந்து தண்ணியைக் கீழே இறக்குறது டவுன் பைப். கட்டர்ல சேர்ற இலை, சகதியை உறிஞ்சி எடுக்கத்தான் இந்த வேக்குவம். பின்னணி இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: நான்கு ஊர்களின் உயரம்)

கடல் மட்டத்துல காத்தழுத்தம் 100ன்னு வைங்க. கோயம்புத்தூர்ல சுமார் 95. குன்னூர் 1,850 மீட்டர், அங்க சுமார் 80. ஊட்டி 2,240 மீட்டர், அங்க 77 பக்கம். கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஊட்டிக் கணக்குதான். அழுத்தம் குறைஞ்சா தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். ஊட்டியில 92, 93லயே கொதிக்குது, அதான் பருப்பு வேக மாட்டேங்குது.

வேக்குவம்ங்கிறது என்ன? உள்ள சுத்துற ஒரு விசிறி. அது எதைத் தள்ளும்? காத்தை. காத்தே லேசா இருந்தா தள்ளுற பலமும் லேசாத்தான் இருக்கும். பெட்டியில "வாட்டர் லிஃப்ட் 2,200 மில்லிமீட்டர்"னு போட்டிருப்பாங்க, அதாவது தண்ணியை எவ்வளவு உயரம் உறிஞ்சித் தூக்கும்ங்கிற அளவு. அது சமவெளிக் கணக்கு. ஊட்டியில அதை 1,700ன்னு மனசுல திருத்திக்கங்க.

இப்போ ஒரு கேள்வி. 1,700 மில்லின்னா 1.7 மீட்டர்தான். கட்டர் இருக்கிறது 6 மீட்டர் உயரத்துல. அப்போ எப்படி வேலை செய்யுது? எனக்கு இந்தத் தொழில்ல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். மெஷின் தரையில இருக்கு, குழாய் மேல போகுது, முனை கொக்குக் கழுத்து மாதிரி வளைஞ்சு கட்டருக்குள்ள இறங்குது. சகதி மேல ஏற வேண்டியது அந்தக் கழுத்து உயரம் மட்டும்தான், ஒரு சாண், மிஞ்சினா ஒன்றரைச் சாண். அந்த வளைவைத் தாண்டிட்டா மிச்ச 6 மீட்டரும் அதுவே விழுந்துடும். அதனால "உயரமான கட்டடமா, இன்னும் பெரிய மோட்டார் வாங்குங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வேலை நிக்கிறது அந்த ஒரு சாண்லதான்.

அந்த ஒரு சாணைத் தாண்ட வைக்கிறது காத்தோட வேகமும் எடையும். காஞ்ச இலை சுலபமா பறந்து வந்துடும். ஊறிப்போன உருண்டை வராது. மெல்லிசான காத்து அதைத் தூக்கிப் பாதியில விட்டுடும், அது வளைவுல உக்காந்துக்கும். அடுத்த உருண்டை அது மேல உக்காரும். அவ்வளவுதான், அடைச்சிடுச்சு.

வழி என்ன? குழாய். மோட்டாரைப் பார்த்து வாங்காதீங்க, குழாயைப் பார்த்து வாங்குங்க. கடையில 38 மில்லி ஹோஸ் இருக்கும், 50 மில்லி ஹோஸ் இருக்கும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா அதே அளவு காத்து போகணும்னா 38ல ஏற்படுற அழுத்த இழப்பு 50ல ஏற்படுறதைப் போல கிட்டத்தட்ட 4 மடங்கு! ஏற்கெனவே 23 சதவீதத்தை மலை வாங்கிக்கிச்சு. மிச்சத்தை ஹோஸுக்குக் கொடுத்துடாதீங்க. ஹோஸ், குழாய், வளைவு, சகதி சேர்ற டிரம்மோட வாய் நாலுமே 50ஆ இருக்கணும். நடுவுல ஒரே ஒரு இடத்துல 38க்கு அடாப்டர் போட்டாலும் அங்கதான் அடைக்கும்.

(திரையில்: முனையின் இரண்டு வடிவங்கள், அருகில்)

முனையைப் பாருங்க. நேரா வெட்டின வாய் கட்டர் அடியில போய் ஒட்டிக்கும், காத்து நுழைய இடமிருக்காது. சத்தம் மட்டும் கீச்சுன்னு ஏறும். சரிவா, 45 டிகிரியில வெட்டின வாய்னா ஒரு பக்கம் எப்பவும் திறந்திருக்கும், காத்து நுழையும்போது சகதியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். ஜூஸை ஸ்ட்ரால உறிஞ்சும்போது அடியில ஒட்டிக்கிச்சுன்னா கொஞ்சம் தூக்கிப் பிடிப்பீங்கல்ல? அதேதான். சத்தத்தையும் காதுல வாங்கிக்கங்க. மோட்டார் சத்தம் திடீர்னு கூர்மையாச்சுன்னா காத்து நின்னுபோச்சுன்னு அர்த்தம். ஒண்ணு அடைப்பு, இல்லன்னா டிரம் நிறைஞ்சு, தண்ணி மோட்டாருக்குப் போகாம தடுக்கிற மிதவை மூடிக்கிச்சு. புதுசா வர்ற பசங்க குழாயைக் கழட்டிக் கழட்டிப் பார்ப்பாங்க, டிரம்மைத் திறந்து பார்க்க மாட்டாங்க.

டிரம்னதும் இன்னொண்ணு. 80 லிட்டர் டிரம்னு கடையில பெருமையா காட்டுவாங்க. மலை வீடுகள் எப்படி இருக்கு? ரோடு மேல, வீடு கீழ, நடுவுல 50, 60 படி. 60 லிட்டர் சகதி 60 கிலோவுக்கு மேல நிக்கும். அதை யார் தூக்குறது? ஒத்தை மோட்டார், 30 லிட்டர்னா ஒரு ஆளு தூக்கிட்டு இறங்கலாம். ரெண்டு மோட்டார் மெஷின் பெரும்பாலும் 60 லிட்டர் டிரம்மோடதான் வரும். அதுக்குப் பாதியில ஒரு பெயின்ட் கோடு போட்டுடுங்க, கோடு வந்ததும் கொட்டணும். என் கருத்து: தொடங்குறவங்களுக்கு ரெண்டு மோட்டார், 50 மில்லி, அடியில வடிகால் ஹோஸ் உள்ளது. மூணு மோட்டார் வேண்டாம்.

ஏன் வேண்டாம்? பிளக். மூணு மோட்டார்னா 3,000 வாட், 13 ஆம்ப். ரெண்டு மோட்டார்னா 9 ஆம்ப் பக்கம். ரெண்டுக்குமே 16 ஆம்ப் பாயிண்ட் வேணும், 6 ஆம்ப்ல செருகக் கூடாது. பழைய பங்களாவுல 16 ஆம்ப் எங்க இருக்கும்? கீசர் பக்கத்துல, இல்லன்னா ரூம் ஹீட்டர் போடுற இடத்துல. அங்க ஏற்கெனவே ஹீட்டர் ஓடிட்டிருந்தா நீங்க சுவிட்ச் போட்டதும் டிரிப். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு அணைச்சிடுங்க. எக்ஸ்டென்ஷன் 2.5 ஸ்கொயர் மில்லி, மூணு கோர் செம்பு வயர். சுருளை முழுசாப் பிரிச்சுப் போடுங்க, சுத்தி வெச்சபடி ஓட்டினா உள்ள சூடேறி உருகிடும். பிளக் பாயிண்ட் பக்கம் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச், கட்டாயம். ஈரத்துல நின்னு வேலை செய்றோம், இதுல சமரசம் கிடையாது. ஜெனரேட்டர் வெச்சு ஓட்டலாம்னு நினைக்கிறவங்களுக்கு: பெட்ரோல் இன்ஜினுக்கும் அதே காத்துதான். ஊட்டி உயரத்துல கிட்டத்தட்ட கால்வாசி பலம் போயிடும்.

(திரையில்: நான்கு மரங்கள், கீழே அவற்றின் குப்பை)

சரி, கட்டருக்குள்ள என்ன இருக்கு? அங்க சுத்தி நிக்கிற மரம் இருக்கு. பைன் ஊசி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் குருவிக் கூடு மாதிரி நிக்கும். தண்ணி அது வழியா வடியும், ஆனா வேக்குவத்துக்கு வராது. கொக்கி போட்டு இழுத்து உடைச்சிட்டு அப்புறம் உறிஞ்சணும். சீகை மரத்து, அதாவது வாட்டில், இலை பொடிப்பொடியா இருக்கும். ஊறினா மாவு மாதிரி அடியில படிஞ்சிடும். அதுக்கு முதல்ல ரெண்டு குடம் தண்ணி ஊத்திக் கரைச்சிட்டு, தண்ணியோட சேர்த்து உறிஞ்சுங்க. சைப்ரஸும் அதே ரகம். கற்பூர மரம்தான், அதாவது யூகலிப்டஸ், மூணு விதத்துல தொல்லை கொடுக்கும். அரிவாள் மாதிரி இலை, சீக்கிரம் மக்காது. உரிஞ்சு விழுற நீளப் பட்டை டவுன் பைப் வாயில குறுக்கே படுத்துக்கும். காய் உருண்டு போய் டவுன் பைப் வளைவுல உக்காரும். பட்டையைக் குழாய்ல இழுக்கவே பார்க்காதீங்க, வளைவுல சுத்திக்கும், கையாலயோ கொக்கியாலயோதான் எடுக்கணும். தேயிலைத் தோட்டம் ஓரத்து வீடுன்னா சில்வர் ஓக் இலை வரும். காஞ்சிருந்தா அதுதான் இருக்கிறதுலயே சுலபம்.

இவ்வளவும் சேர்ந்தா எவ்வளவு எடை தெரியுமா? 125 மில்லி அரைவட்டக் கட்டர் நிறைஞ்சிருந்தா மீட்டருக்கு 6 லிட்டர். 10 மீட்டர் நீளத்துக்கு தண்ணி மட்டுமே 60 கிலோ, சகதின்னா இன்னும் கூட. துருப்பிடிச்ச கிளாம்ப்ல அது தொங்கிட்டிருக்கு. அதனாலதான் ஏணியைக் கட்டர் மேல சாய்க்கவே கூடாதுன்னு சொல்றோம். சுவர்ல ஊன்றுற ஸ்டாண்ட்-ஆஃப் மாட்டி, 4 மீட்டர் ஏறினா 1 மீட்டர் தள்ளி அடி வைங்க. சரிவு மண்ணுல, பாசி படிஞ்ச கல்லுல ஏணியே வேண்டாம். கீழ நின்னு குழாய்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மேல கால் வைக்காதீங்க, பிரஷர் வாஷர் அடிக்காதீங்க, அந்த நார் நுரையீரலுக்குப் போகும்.

ஒரே மாடி வீட்டுக்கு வேக்குவமே தேவையில்ல. 5 லிட்டர் எண்ணெய் கேனைக் கைப்பிடியோட சரிவா வெட்டுங்க. அருமையான அள்ளி கிடைச்சாச்சு. கட்டர் வளைவுக்கு அதுவே வளைஞ்சு கொடுக்கும். இரும்புக் கரண்டி போட்டா தகடு மேல இருக்கிற துத்தநாகப் பூச்சு கீறிடும், கீறின கோட்டுலதான் பின்னாடி துரு ஆரம்பிக்கும்.

இப்போ உயிர் விஷயம். குழாய் எதுல வாங்குறது? அலுமினியத்துல கரண்ட் பாயும்னு எல்லாருக்கும் தெரியும். கார்பன் ஃபைபர்லயும் பாயும்! பிளாஸ்டிக் மாதிரி இருக்கேன்னு நினைச்சுடாதீங்க. வீட்டுக்கு வர்ற இ.பி. சர்வீஸ் வயர் பெரும்பாலும் கூரை ஓரத்துக்குப் பக்கத்துலதான் வந்து இறங்குது, நம்ம குழாய் போற அதே உயரம். வயர் பக்கத்துல கிளாஸ் ஃபைபர் குழாய் மட்டும், அதையும் ஈரமா இருக்கும்போது நம்பாதீங்க. 3 மீட்டர் தள்ளி நில்லுங்க. முடியலைன்னா அந்தப் பகுதியை விட்டுட்டு, விட்டதை ஓனர்கிட்ட சொல்லிடுங்க. கண்ணாடி துடைக்கிற தண்ணிக் குழாயையே வேக்குவத்துக்கு மாத்திக்கலாமான்னா, வேண்டாம். அது ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற மெல்லிசுக் குழாய், சகதி எடையைத் தாங்காது, மண் போய் கிளாம்ப் எல்லாம் கெட்டுடும்.

ஜன்னல் தொழில் பண்றவங்க அடிக்கடி செய்ற ஒரு தப்பு: சோப்புத் தண்ணியை அதே டிரம்ல உறிஞ்சுறது. நுரை பொங்கும். மிதவை தண்ணியைத்தான் நிறுத்தும், நுரையை நிறுத்தாது. நுரை நேரா மோட்டாருக்குப் போயிடும். ஈர வேலைக்குப் போறப்போ பேப்பர் ஃபில்டரையும் கழட்டிடுங்க. வரிசை எப்பவும் கட்டர் முதல்ல, கண்ணாடி பிறகு. மாத்திச் செஞ்சா கண்ணாடியை ரெண்டு தரம் துடைக்கணும்.

எப்போ வேலை வரும்? ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, மே முடியுறதுக்குள்ள முடிச்சிடணும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு வடகிழக்குதான் கனமழை, அங்க செப்டம்பர். நீலகிரிக்குள்ளயே உங்களுக்கு ரெண்டு சீசன் இருக்கு, பாருங்க. மழையை லேசா நினைக்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. ஒரு சதுர மீட்டர் கூரைக்கு 800 லிட்டர். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு தோட்டத்துக்குள்ளயே வரும். பொழுது சாயுற நேரத்துல ஆளை ஏணியில நிறுத்தாதீங்க.

கடைசியா கேமரா. குழாய் முனையில மாட்டுற சின்ன வைஃபை கேமரா, படம் போன்ல வரும். அது இல்லாம கீழ நின்னு உறிஞ்சுறது கண்ணைக் கட்டிக்கிட்டு வீடு பெருக்குற மாதிரி. காலைப் பனியில லென்ஸ் மூடிக்கும், ஒரு சொட்டு ஷாம்பு தடவித் துடைச்சா ரொம்ப நேரம் மூடாது. வேலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்து ஓனருக்குக் காட்டுங்க, பேரமே வராது. காசு எடுக்கிறதுக்கு முன்னாடி டவுன் பைப்புக்கு மேல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. கீழ சடசடன்னு கொட்டணும். இழுத்து இழுத்து வந்தா வளைவுல இன்னும் காய் இருக்கு. கீழ இருந்து ஸ்பிரிங் கம்பி விட்டு எடுங்க. மேல இருந்து பிரஷர்ல அடிச்சா பிவிசி ஜாயின்ட் கழண்டுக்கும்.

அள்ளின குப்பையைச் சாக்குல கட்டுங்க, ஓடையில கொட்டாதீங்க. நீங்க வேலை செய்ற வீட்டைச் சுத்தி பைனா, சீகையா, கற்பூர மரமான்னு கமென்ட்ல எழுதுங்க. அந்த மரத்துக்கு முனையை எப்படி வெட்டணும்னு அளவோட வரைஞ்சு அடுத்த வீடியோல காட்டுறேன்.