விதைக்கு விட்ட தக்காளி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் பாரம்பரியத் தக்காளியை விதை போட்டு வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். இந்த மாதிரிப் பேச்சு வழக்கமாக விதைப்பில் தொடங்கி அறுவடையில் முடிந்துவிடும். நான் அதைத் தாண்டியும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பாரம்பரிய ரகத்தை வளர்ப்பதில் பாதி வேலை பழம் பழுத்த பிறகுதான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பாதியைச் செய்ய மனமில்லை, ஆண்டுதோறும் விதைப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்கள் பேசாமல் ஹைப்ரிட் ரகத்தையே வளர்க்கலாம். நோயைத் தாங்கும், காய்ப்பும் பெரும்பாலும் கூடுதல்.

பாரம்பரிய ரகம் என்பது விதை எடுத்து, விதைத்து, மறுபடியும் விதை எடுத்து எனப் பல தலைமுறை கைமாறி வந்த ரகம். எத்தனை வயதானால் பாரம்பரியம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. 50 ஆண்டு என்பார் ஒருவர், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். தோட்டத்தில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. அதன் விதையைப் போட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும், அவ்வளவுதான் வேண்டியது. ஹைப்ரிட் என்பது இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால், ஒன்றில் பாட்டன் ஜாடை, இன்னொன்றில் பாட்டி ஜாடை என்று செடிக்குச் செடி மாறும்.

இந்தப் பழைய ரகங்களில் பல, ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. 'மார்ட்கேஜ் லிஃப்டர்', அதாவது 'வீட்டுக் கடனைத் தீர்ப்பது', என்று ஒரு தக்காளி இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுதுபார்த்துவந்த எம். சி. பைல்ஸ் என்பவர் 1930-களில் உருவாக்கியது. ஊரார் அவரை 'ரேடியேட்டர் சார்லி' என்றுதான் அழைத்தார்கள். பெரிய பழம் தரும் செடி ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு ரகங்களை நட்டு, சுற்றிலும் இருந்தவற்றின் மகரந்தத்தை நடுச்செடியின் பூக்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வந்த விதைகளைப் போட்டு, நன்றாக வந்த செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் விதை எடுத்தார். 6 ஆண்டுகள் இதே வேலை. பிறகு ஒரு நாற்று 1 டாலர் என்று விற்று, 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்தார் என்று சொல்கிறார்கள். பெயர் வந்த கதையும் அதுதான். இதில் நான் கவனிப்பது கடன் அடைந்ததை அல்ல, அவர் பயிர் அறிவியல் படித்தவர் இல்லை என்பதை. எந்தச் செடியை விதைக்கு விடுவது என்று முடிவு செய்யத் தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது.

சரி, எல்லோரும் கேட்பது சுவையைப் பற்றித்தானே. பழைய ரகங்கள் பலவற்றில் காய் முற்றும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு பட்டை நிற்கும். பழுத்த பிறகும் அந்த இடம் சில சமயம் மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். விற்பனைக்குப் போகும் பழத்தில் இது குறையாகப் பட்டது. அதனால் 20-ஆம் நூற்றாண்டில் புதிய ரகம் எடுத்தவர்கள், காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கிற செடிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இதில் கைநழுவிப் போனது என்ன என்று எடுத்துச் சொன்னது. சீராகச் சிவப்பதற்குக் காரணமான மரபணு மாற்றம், காயில் பச்சையத்தைப் பெருக்குகிற ஜிஎல்கே2 என்னும் மரபணுவை முடக்கிவிடுகிறது. பச்சையம் குறைந்த காயில், அது தனக்காகத் தானே தயாரிக்கிற சர்க்கரையும் குறைந்துபோகிறது. ஆகவே உங்கள் செடியில் காம்பைச் சுற்றி அந்தப் பச்சைப் பட்டை உள்ள காய் தொங்கினால் நோய் என்று மருந்தைத் தேடாதீர்கள்.

ஆனாலும் பழத்துக்குப் போகும் சர்க்கரையில் பெரும்பங்கு இலைகள்தான் தருகின்றன. பாரம்பரிய ரகங்களில் பெரும்பாலானவை ஓரிடத்தில் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கிற வகை. இரண்டு பூங்கொத்துகளுக்கு நடுவில் சுமார் மூன்று இலை விடும். குட்டையாக நின்று ஒரே சமயத்தில் காய்த்து ஓய்கிற ரகங்களில் இலை இவ்வளவு இருக்காது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இலைகளை மழித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தரையைத் தொடுகிற இலைகளை எடுங்கள், நோய்பட்ட இலைகளை எடுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

இனி விதைப்பு. தக்காளி விதை வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் எதிர்பார்க்கும். மண் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஆறேழு நாளில் முளை தெரியும். 15 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும், 10 டிகிரியில் ஒரு மாதம் தாண்டிவிடும். 40 டிகிரியில் முளைக்கவே முளைக்காது. எனவே முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்லுமுன் மண்ணின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மெல்ல மூடினால் போதும். முளைத்த பிறகு கதை மாறிவிடும், அப்போது வெளிச்சம்தான் முக்கியம். வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்த நாற்று, வெளிறிய தண்டோடு நெட்டுக்குத்தாக நீண்டு சாயும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தண்டு மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் அழுகி விழும். இந்த நாற்றழுகலுக்கு வந்தபின் மருத்துவம் கிடையாது. மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுவதும் காற்றோட்டமும்தான் காப்பு.

முதலில் விரிகிற வித்திலை இரண்டுக்கும் மேலே உண்மையான இலைகள் வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம். தோட்டத்தில் நடுமுன் ஒரு வாரம், பத்து நாள் நாற்றுகளை வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பனி உறையும் ஊர்களில் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு விதைப்பது வழக்கம். நடும்போது தண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். நீண்டுபோன நாற்றுக்குக்கூட இதனால் மறுவாழ்வு கிடைக்கும்.

ஓங்கி வளர்கிற ரகங்களுக்குச் செடிக்குச் செடி 60 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். ஆள் உயரத்துக்குக் குறையாத ஊன்றுகோலை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஹைப்ரிட் ரகங்களுக்கு வாடல் நோய்களையும் வேர் நூற்புழுவையும் தாங்குகிற குணத்தைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். பழைய ரகங்கள் பலவற்றுக்கு அந்தக் கவசம் இல்லை. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், இவற்றில் ஏதாவது நின்ற இடத்தில் மூன்று ஆண்டுகளாவது தக்காளி வைக்காமல் இருப்பது நல்லது. காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான தோட்டங்களில் அந்தச் சத்து மண்ணில் இருக்கும், தண்ணீர் ஒரு நாள் காய்ச்சலும் ஒரு நாள் வெள்ளமுமாகக் கிடைப்பதால் செடியால் அதைக் காய்வரை கொண்டுபோக முடிவதில்லை. வைக்கோலோ சருகோ பரப்பி மூடாக்குப் போட்டு, சீராகத் தண்ணீர் விட்டாலே அடுத்த கொத்துக் காய்கள் தேறிவிடும். பழைய ரகங்கள் பலவற்றுக்குத் தோல் மெல்லியது, திடீரென்று மழை பெய்தால் வெடிக்கும். நிறம் திரும்ப ஆரம்பித்ததுமே பறித்து வீட்டுக்குள் பழுக்கவையுங்கள், சுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. குளிர்பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசனை தருகிற வேதிப்பொருள்கள் உருவாவது தடைபடுகிறது.

பூ பூத்தும் பிஞ்சு நிற்காமல் உதிர்கிறதே என்பது பலரும் கேட்கிற கேள்வி. பகல் 35 டிகிரியைத் தொட்டு, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. வெப்பம் இறங்கும்வரை செடியை நலமாக வைத்திருப்பது ஒன்றுதான் வழி.

அப்புறம், நான் முதலில் சொன்ன அந்தப் பாதி. விதைக்கு விடும்போது நல்ல பழத்தைத் தேடாதீர்கள், நல்ல செடியைத் தேடுங்கள். மற்றச் செடிகள் கருகல் நோயில் சுருண்டபோது கடைசிவரை பச்சையாக நின்றது எது, வெயிலிலும் பிஞ்சு பிடித்தது எது, அந்த ரகத்துக்கு உரிய வடிவமும் நிறமும் சுவையும் மாறாமல் தந்தது எது என்று பாருங்கள். அந்தச் செடியில் ஒரு துணி நாடாவைக் கட்டிவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் பழத்தைப் பறித்துவிட மாட்டார்கள். இடம் இருந்தால் ஒன்றுக்கு நான்கைந்து செடிகளிலிருந்து விதை எடுங்கள். வேறு மாதிரியாக வந்த செடி எவ்வளவு ருசியாகக் காய்த்தாலும் அதன் விதையை இந்தப் பொட்டலத்தில் சேர்க்கக் கூடாது. ஆசையாக இருந்தால் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும். மகரந்தப்பைகள் ஒட்டி ஒரு கூம்பாக நிற்கும், மகரந்தத்தை வாங்குகிற சூல்முடி அதற்குள் இருக்கும். காற்றோ, பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரிக்கிற வண்டுத்தேனீயோ அசைத்தால் மகரந்தம் உள்ளேயே உதிரும். ஆனால் பழைய ரகங்கள் சிலவற்றில், அதிலும் பெரிய பழ ரகங்களில், சூல்முடி கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செடியின் மகரந்தம் அங்கே வந்து ஒட்ட வழி உண்டு. பல ரகங்களை அருகருகே நட்டிருந்தால், விதைக்கு விடும் கொத்தை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைப்பையால் மூடி, தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கொத்துக்கு அடையாளம் கட்டுங்கள்.

கலப்பு நடந்ததா என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. 'பிராண்டிவைன்' போன்ற சில ரகங்களின் இலை, வழக்கமான தக்காளி இலை மாதிரி ஓரம் வெட்டுப்படாமல், உருளைக்கிழங்குச் செடியின் இலை போல அகலமாக இருக்கும். இது ஒடுங்கு பண்பு. அதாவது இரண்டு பெற்றோரிடமிருந்தும் கிடைத்தால்தான் வெளியே தெரியும். அந்த ரகத்தின் விதையைப் போட்டு, நாற்றில் வெட்டுப்பட்ட இலை தெரிந்தால், வேறு ரகத்தின் மகரந்தம் நுழைந்துவிட்டது என்று அப்போதே சொல்லிவிடலாம். பழம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாய்ச்செடி வெட்டு இலை ரகமாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது, அங்கே வலைப்பையைத்தான் நம்ப வேண்டும்.

பழம் நன்றாகக் கனிந்த பிறகு அறுத்து, விதையைச் சாறோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிழிந்து வையுங்கள். விதையைச் சுற்றியிருக்கிற வழவழப்பான கூழ், பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பதற்காக இருப்பது. இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் அது கரைந்துவிடும். விதையோடு வருகிற சில நோய்க்கிருமிகளும் இதில் குறையும். மேலே பூஞ்சை படரும், நாற்றமும் அடிக்கும், வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஆனால் மறந்தும் ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள், விதை பாத்திரத்திலேயே முளைக்கத் தொடங்கும். தண்ணீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும். அலசி, வடிகட்டி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும்.

நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத புட்டியில் போட்டு, ரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். நான்கைந்து ஆண்டு தாராளமாக முளைக்கும். சந்தேகம் வந்தால் 10 விதையை ஈரத் துணியில் மடித்துச் சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஐந்துக்குக் கீழே முளைத்தால், அந்தப் பருவத்திலேயே மிச்சத்தையும் சற்று நெருக்கமாக விதைத்து, புது விதை எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.