வாரியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பறவைகளைப் படம் எடுக்கிறவள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "தேரூர் குளத்துக்குப் போவீங்களா, மணக்குடிக்குப் போவீங்களா?" போவேன், போகாமல் என்ன. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலகின் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், இடம் பிடித்துவிட்டன. அங்கே கூழைக்கடா உண்டு, புத்தளம் உப்பளப் பக்கம் போனால் ஆலாக்கள் உண்டு. அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அடுக்களைக் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற புறவாசலைப் பற்றி.

என் வீடு நம் குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குமாரகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. மாடியில் நின்றால் வேளிமலை தெரியும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் விளை. ஒரு சக்கை, அதாவது பலா, ஒரு அயனி, இரண்டு மூடு கொல்லாமா, தென்னை, மட்டி வாழை, மதிலோரம் செம்பரத்தி. இதைக் கேட்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பின்புறமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

அங்கே விடியும் முன்பே குண்டுகரிச்சான் டிவி டிஷ்ஷின் மேல் ஏறி நின்று பாட ஆரம்பித்துவிடும். கருப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். அப்புறம் அயனி உச்சியில் குக்குறுவான் 'குட்ரூ குட்ரூ' என்று தொடங்கினால் மத்தியானம் வரை ஓயாது. அந்தக் குரல் கேட்காத வீடு நம் பக்கம் குறைவு, ஆளைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. உடம்பு பச்சை, தலை பழுப்பு, கன்னத்தில் வெள்ளை. இலையோடு இலையாக இருந்துவிடும். இந்த வெண்கன்னக் குக்குறுவானை மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய தென்னிந்தியப் பகுதிகளும் தவிர உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி இதைப் பார்க்க வருகிறார்கள். நமக்கோ அது பப்பாளிப் பழத்தைக் குடைகிற சனியன்!

செம்போத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை வந்து செடி கொடியெல்லாம் தின்கிறது என்று உப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் இல்லையா? செம்போத்து நத்தை தின்னும். புதர் இருந்தால்தான் அது வரும். புதரை வெட்டிவிட்டு உப்பு வாங்கப் போகிறோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் வருகிறது. விளையில் பறவை வரவேண்டும் என்றால் என்ன வாங்கவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒன்றும் வாங்கவேண்டாம். வாரியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், விளை பெருக்குவதில் பெயர் போனவர். இருட்டோடு எழுந்து வாரியலை எடுத்தால் முன்முற்றம் முடிந்து, பக்கம் முடிந்து, சக்கை மூடு வரை ஒரு சருகு கிடக்காது. மண்ணில் வாரியல் போன வரி வரியான கோலம்தான் இருக்கும். கூட்டிய சருகைத் தென்னை மூட்டில் குவித்துத் தீ வைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். பிறகு அத்தைக்கு முட்டுவலி வந்தது, வாரியல் என் கைக்கு வந்தது. நான் முன்முற்றத்தைப் பெருக்குவேன், நடக்கிற வழியைப் பெருக்குவேன். சக்கை மூட்டையும் அதற்குப் பின்னால் மதில் வரையும் தொடமாட்டேன். அங்கே தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைப் புரட்டிப் புரட்டி இரை தேடும், அதற்காக.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "என்ன மக்ளே இது? நாலு பேரு வந்தா என்ன சொல்லுவாவ? இந்த வீட்டுல பொம்பளையே இல்லியான்னு கேக்க மாட்டாவளா?" என்பார். சொந்தக்காரர்கள் வரும் நாளில் அடுக்களைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார், பின்பக்கம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று.

ஒரு ஐப்பசி மாதம். வயலில் கும்பப்பூ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. மழை விட்ட சாயங்காலம். அத்தை புறவாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். திடீரென்று, மெல்லக் கூப்பிட்டார். அத்தை மெல்லப் பேசிக் கேட்டது எனக்கு அதுவே அபூர்வம். "மக்ளே, இஞ்ச வா. சக்கை மூட்டுல கோழிக்குஞ்சு போல ஒண்ணு சாடிச்சாடிப் போவுது. நம்ம கோழி இல்ல."

எட்டிப் பார்த்தேன். ஆறுமணிக்குருவி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகு பச்சை. இறக்கையில் பளீரென்று நீலம். நெஞ்சு மங்கின மஞ்சள். கண்ணின் மேல் அகலமாகக் கருப்புப் பட்டை, தொண்டை வெள்ளை. வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கட்டை. ஆனால் கால் நீளம், பலமான கால். அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அந்த ஈரச் சருகில் அது அசையாமல் நின்றால் நமக்குத் தெரியாது. சாடினால்தான் தெரியும். விடியற்காலையிலும் சாயங்காலம் ஆறு மணியை ஒட்டியும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். அந்த விசில் வந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தச் சத்தத்த நான் சின்னப் பிள்ளையில எங்க வீட்டுல கேட்டிருக்கேன். ஓந்தான் கூப்பிடுதுன்னுல்லா எங்க அம்மை சொல்லுவா!" ஓந்து என்றால் ஓணான். இத்தனை வருடம் அதன் கணக்கில் எழுதப்பட்ட பாட்டு இது.

அந்தக் குருவி எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னதும் அத்தை நம்பவில்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் தெற்கே கிளம்பும். ராத்திரியில் பறக்கும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று வந்து பனிக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போகும். வருகிற சமயத்தில் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைந்து நிற்பதும், கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றுப் போகிற அட்டைப்பெட்டியில், இருட்டில், பூனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தெளிந்ததும் திறந்துவிடுங்கள்.

சரி, அத்தனை தூரம் வந்த குருவி எங்கள் விளையில் ஏன் இறங்கியது? சருகுக்காக. அது மரத்தில் ஏறிப் பழம் தின்கிற பறவை இல்லை. தரையில் சருகைத் தள்ளி, அடியில் இருக்கிற மண்புழு, வண்டுப்புழு, பூச்சி இவற்றைத் தின்னும். பெருக்கிப் பளிச்சென்று வைத்த மண்ணில் அதற்குச் சாப்பாடு கிடையாது. திரும்பவும் சொல்கிறேன்: சருகு இருந்தால் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால் புழு பூச்சி இருக்கும், அது இருந்தால் ஆறுமணிக்குருவி இருக்கும், தவிட்டுக்குருவி இருக்கும், செந்தலைப் பூங்குருவியும் இருக்கும்.

அன்றிலிருந்து அத்தை கட்சி மாறிவிட்டார். தேங்காய் வெட்ட வருகிற ஆளிடம், "அந்த மூலையத் தொடாத, அங்க வடநாட்டு ஆளு தங்கியிருக்கு" என்பார். சொந்தக்காரர்கள் வந்தால் அடுக்களைக் கதவைத் திறந்து அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். கண்டுபிடித்தது தானே என்பதையும் சேர்த்துச் சொல்வார். உண்மைதானே, கண்டுபிடித்தது அவர்தானே.

உடனே நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாம்பு வராதா? நியாயமான பயம், நம் ஊரில் மழைக்காலத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பயம். ஆகவே சருகை வீட்டுச் சுவரை ஒட்டி விடாதீர்கள். நடக்கிற வழியில் விடாதீர்கள். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் விடாதீர்கள். விளையின் கடைசி மூலை ஒன்று போதும். இருட்டின பிறகு டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். சுவரோரம் அடுக்கி வைத்த விறகையும் பழைய ஓட்டையும் முதலில் பாருங்கள், அங்கேதான் எலி இருக்கும்.

இனி படம் எடுப்பது. என்னிடம் உள்ளது 70-300 லென்ஸ். பீரங்கி ஒன்றும் இல்லை. குளத்தில் பறவை தூரத்தில் இருக்கும், அங்கே பெரிய லென்ஸ் வேண்டும். புறவாசலில் பறவை நம் பக்கத்துக்கே வருகிறது. நாம் அசையாமல் இருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். அப்பெர்ச்சர் விவகாரமெல்லாம் படம் போட்டுத்தான் விளக்கமுடியும், வானொலியில் வேண்டாம். கையில் எடுத்தவுடன் உதவுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அடுக்களை ஜன்னல்தான் நல்ல மறைவிடம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டால் வெளியில் உள்ள பறவைக்கு நீங்கள் சரியாகத் தெரியமாட்டீர்கள். கொசுவலை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வலை வழியாக எடுத்தால் படம் புகை மூடிக் கிடக்கும். செம்பரத்திக்கும் வாழைக்கூம்புக்கும் வருகிற தேன்சிட்டை இங்கிருந்தே எடுக்கலாம். அது ஒரு இடத்தில் நிற்காது, ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

தரையில் நிற்கிற பறவைக்கு ஜன்னல் சரிப்படாது. மேலிருந்து எடுத்தால் முதுகுதான் விழும். ஆறுமணிக்குருவிக்காக நான் புறவாசல் படியில் இறங்கி, கொடியில் ஒரு பழைய கைலியைத் திரையாகப் போட்டு, அதன் பின்னால் உட்காருவேன். பறவையின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கவேண்டும். கண் தெளிவாக விழுந்துவிட்டால் வால் மங்கினாலும் பரவாயில்லை. சக்கை மூட்டில் சாயங்காலம் வெளிச்சம் இருக்காது. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200 வரை ஏற்றுவேன், ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்குக்கு இறக்குவேன். எப்படி ஆடாமல் விழுகிறது? அது இரண்டு சாட்டம் சாடும், நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்த நிற்பில் அழுத்தவேண்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். களைத்து வந்திருக்கிற விருந்தாளியின் முகத்தில் யாராவது டார்ச் அடிப்பார்களா?

படம் அழகுக்கு மட்டும் இல்லை. 1933-இல் பறவை ஆய்வாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளை ஆய்வு செய்ய வந்தார். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம்தானே. அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்து இனத்தை உறுதி செய்வார்கள், அதுதான் வழக்கம். இன்றைக்கு செல்போனில் எடுத்த மங்கலான படம் பல சமயம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கூட்டைப் படம் எடுப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தேன்சிட்டு துணி காயப்போடுகிற கொடியிலேயே சிலந்திவலையும் நாருமாகப் பின்னிக் கூட்டைத் தொங்கவிட்டுவிடும். செம்மீசைச் சின்னான் வாசல் பூந்தொட்டியில் கட்டும். உடனே போன், உடனே வீடியோ. மறைக்கிற இலையை ஒடித்துவிட்டு எடுக்கிறவர்களும் உண்டு. இலை போனால் வெயில் நேரே குஞ்சின் மேல் விழும். நாம் அடிக்கடி எட்டிப் பார்க்கிற இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டே இருக்கும், நாம் திரும்பிய பிறகு அது வரும். துணியை வேறு கொடியில் போடுங்கள். கூட்டுப் படம் யாராவது அனுப்பினால் நான் லைக் போடுவதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அகலமான மண்சட்டி, இரண்டு விரல்கடை ஆழம் போதும், நடுவில் ஒரு கல். பக்கத்தில் பூனை பதுங்க இடமில்லாமல் திறந்த இடத்தில் வையுங்கள். டெங்கு பயம் வேண்டாம்... இல்லை, வேண்டும், பயம் வேண்டும்! அந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்கு மேலே சட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. தினமும் மாற்றுங்கள், தேங்காய் நாரால் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கடைசியாக, கணக்கு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்கக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, நான்கு நாள். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கியது, இந்தியா 2013-இல் சேர்ந்தது. வெளியே எங்கும் போகவேண்டாம். பதினைந்து நிமிடம் புறவாசலில் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பெயர் உறுதியாகத் தெரிகிறதை மட்டும் எழுதுங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மற்றபடி ரப்பர் தோட்டத்துப் பறவைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அதற்கு இனி நேரமில்லை, நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.