காலைத் தூக்காமல் நட

வணக்கம் நேயர்களே. அப்புவைப் பற்றிப் பேசுங்கோ என்று கேட்டார்கள். அப்பு என்றால் என் அம்மாவின் தகப்பன். தபால் கந்தோரில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். கடல் அவருடைய தொழில் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் அவரைத் தெரியாத தொழிலாளி இல்லை. விடியப்புறம் நாலரைக்கே வீச்சுவலையைச் சைக்கிள் கரியரில் கட்டிவிடுவார். முன் பாரில் துவாயைச் சுற்றி, என்னைத் தூக்கி இருத்துவார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் எல்லாம் எனக்கு அந்த இடந்தான்.

எங்கள் பரவைக்கடல் எவ்வளவு பெரிது என்பது வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு ஆழமில்லை என்பது இறங்கி நடந்தவர்களுக்குத்தான் தெரியும். முழங்கால், இடுப்பு, பிறகும் முழங்கால். அப்பு முன்னால் போவார், நான் பின்னால். ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: "காலைத் தூக்காதை மோனை, உழுதுகொண்டு வா."

ஏன் உழ வேண்டும்? திருக்கை சேற்றுக்குள் தட்டையாகப் படுத்திருக்கும். கால் உரசிக்கொண்டு வந்தால் அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். மேலே மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும்.

1975இல் எனக்குப் பத்து வயது. அப்பு வலையை எறிய ஆயத்தமாக நின்றார். கயிறு இடது மணிக்கட்டில், மடிப்பு முழங்கையில், ஓர் ஈயக் குண்டு பல்லுக்கிடையில். அவர் உடம்பைத் திருப்பி விட்டதும் வலை வட்டமாக விரிந்தது. குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் விழுகிற அந்தச் சத்தம், பெரிய மழையின் முதல் துளிகள் மாதிரி, இப்பவும் காதில் நிற்கிறது. அதைப் பார்க்கிற ஆவலில் நான் காலைத் தூக்கி ஓடினேன்.

கணுக்காலுக்குக் கீழே நெருப்புத் தடியால் கீறியதுபோல இருந்தது. அப்பு ஒரு சொல் ஏசவில்லை. வலையைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். அப்போதும், நேயர்களே, அந்தப் பதற்றத்திலும் அவர் காலை உழுதுகொண்டுதான் நடந்தார்.

கரையில் ஒரு வாடியில் தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கலந்தார். திரும்பவும் முழங்கை. பிறகுதான் என் காலை எடுத்து வைத்தார். ஒரு மணித்தியாலம் போல, ஆற ஆறச் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். வலி மெல்ல மெல்ல இறங்கியது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முள் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பித்தார்.

பல வருடம் கழித்து ஒரு வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார்: திருக்கையின் நஞ்சு புரதம், சூட்டில் கெட்டுப்போகும். தண்ணீர் தோல் பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும், 45 பாகைக்கு மேலே போகக்கூடாது. கரையோரத்தில் இருந்து கேட்கிறவர்களுக்குத் திரும்பவும் சொல்கிறேன். முதலில் சுடுதண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்த சுடுதண்ணீர். பிறகு ஆஸ்பத்திரி.

1995 ஒக்ரோபர் 30. போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற சனத்தோடு எண்பது வயதில் அப்புவும் சைக்கிளை உருட்டினார். கரியரில் அரிசிப் பை, அதற்கு மேல் அந்த வலை. "சீலைத்துணியை விட்டுட்டு இந்தக் கந்தலைக் காவுறியளே" என்று ஆச்சி வழி முழுக்கப் புறுபுறுத்தார். தென்மராட்சியில் நாங்கள் நாலு குடும்பம் ஒரே வீட்டில் இருந்தோம். கச்சாய்க் கரையில் அந்த வலை பிடித்த ஒட்டியும் ஓராவும் திரளியும்தான் எத்தனையோ நாள் எங்கள் பிள்ளைகளின் கறி. அதன் பிறகு ஆச்சி வலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொத்தல்களைத் தைக்கும்போது நூலைப் பிடித்துக் கொடுத்தது ஆச்சிதான்.

சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று அப்பு சொல்லித் தந்த காற்றுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். நேரம் முடிகிறது என்று கலையகக் கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள். வாடையோடு பூநாரை வரும், தலையைக் கவிழ்த்துப் பிடித்துத்தான் தண்ணீரை அரித்துத் தின்னும். அதை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை விடுகிறேன்.

அப்பு 2003இல், 88 வயதில் மோசம் போனார். கடைசி மாதங்களில் முற்றத்தைத் தாண்ட மாட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளும் அவரை அப்பு என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் பின்னேரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் கேட்டாள்: "அப்பு, ஏன் காலைத் தூக்காமல் நடக்கிறியள்?"

"திருக்கை கிடக்கும் பிள்ளை. நீயும் உழுதுகொண்டு வா."

இரண்டு பேரும் முற்றத்து மணலில் கோடு கீறிக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் போனார்கள்.