அடுக்களையில் எலுமிச்சையும் நார்த்தையும்: ஆயுர்வேதம் சொல்லும் அளவு

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

காலையில் வெறும் வயிற்றில், சுடச்சுட உள்ள வெந்நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேன் கலந்து குடிப்பது ஆயுர்வேத முறை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தேனைச் சூடாக்குவதையும் சூடான பொருளோடு அதைச் சேர்ப்பதையும் சரகரின் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை வெளிப்படையாகவே விலக்குகிறது. குடித்தே ஆகவேண்டும் என்பவர்கள் நீர் நன்றாக ஆறிய பிறகு தேனைச் சேர்க்கலாம். ஆனால் நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் உள்ளவர்களுக்கு இந்தப் பானமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

புளிப்புச் சுவை நிலமும் நெருப்பும் கூடிப் பிறப்பது என்பது சரகரின் கணக்கு. அது உணவில் விருப்பத்தை உண்டாக்கும், பசித்தீயைத் தூண்டும், வாயில் நீரூறச் செய்யும், வாயுவைக் கீழ்நோக்கிச் செலுத்தும். அளவு மீறினால் பல்லைக் கூசச் செய்து, தாகத்தைக் கூட்டி, பித்தத்தைப் பெருக்கும். எனவே வாதம் மிகுந்தவருக்கு உதவும் பழம் பித்தம் மிகுந்தவருக்குத் தொல்லையாவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பழத்துக்குப் பழம் குணம் மாறுவதையும், ஒரே பழத்தில் பகுதிக்குப் பகுதி குணம் மாறுவதையும் அந்த நூல் கவனித்திருக்கிறது. நூலின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தின் 27ஆம் அத்தியாயத்தில் வரும் மாதுலுங்கம், தடித்த தோலுடைய பெரிய எலுமிச்சை இனக் காய். நம் நார்த்தங்காய்க்கு நெருங்கிய உறவு. அதன் சாறு நிறைந்த சுளைப்பகுதி எளிதில் செரிக்கும் என்றும், மற்றப் பகுதிகள் அதற்கு மாறானவை என்றும் பிரித்துச் சொல்லி, வயிற்றுவலி, உணவில் வெறுப்பு, மலக்கட்டு, பசிமந்தம், விக்கல், இருமல், வாந்தி ஆகியவற்றுக்குச் சுளையைப் பரிந்துரைக்கிறார் சரகர். நாரங்கம் எனப்படும் ஆரஞ்சையோ இனிப்பும் சிறிது புளிப்பும் உடையது, உணவுக்குச் சுவை சேர்ப்பது, வாதத்தைத் தணிப்பது என்று புகழ்ந்துவிட்டு, செரிக்கக் கடினமானது என்றும் சேர்த்தே எழுதுகிறார். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு ஆரஞ்சை உரித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் சற்று யோசிக்கலாம்.

தோல் செரிக்கக் கடினமானது என்றால் நார்த்தங்காயைத் தோலோடு உண்கிறோமே என்று கேட்கத் தோன்றும். உப்பு நார்த்தங்காய் செய்யும் முறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. முற்றிய காயைத் துண்டாகிவிடாமல் சுருள் சுருளாக நறுக்கி, சுருளுக்குள் கல் உப்பைத் திணித்து, பீங்கான் ஜாடியில் போட்டு, நாள்தோறும் குலுக்கிவிடுவார்கள். காய் நீர் விட்டுக்கொண்டு தோல் துவண்டதும், பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அந்த உப்புநீரிலேயே ஊறப் போடுவார்கள். நீர் முழுவதும் காய்க்குள் இழுபட்டு, தோல் பழுப்பேறி, மேலே உப்புப் பூத்து நிற்கும்போது கசப்பு அடங்கியிருக்கும். காய்ச்சல் விட்ட நாளில் நாக்கு எதையும் ஏற்காதபோது, கஞ்சிக்கோ தயிர்சாதத்துக்கோ இதில் நகக்கண் அளவு கிள்ளி வைத்தால் போதும், பசி தலைகாட்டும். வெயிலில் காய்ந்த இதில் வைட்டமின் சி பெரிதாக எஞ்சியிருக்காது. அதற்காக இதை உண்பதும் இல்லை. உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விலகியிருப்பது நல்லது.

வைட்டமின் வேண்டுமானால் பச்சைச் சாறே வழி. எலுமிச்சம்பழச் சாதத்துக்கும் ரசத்துக்கும் அடுப்பை அணைத்து, ஆவி சற்று அடங்கிய பிறகே சாறு பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், வைட்டமினும் குறையும். முருங்கைக் கீரைப் பொரியலில் இறக்கியபின் சில சொட்டுச் சாறு விட்டால், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் மட்டும் புளிப்பை வைக்காதீர்கள்.

இலையை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. இளம் நார்த்தை இலையின் நடு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஓமம், பெருங்காயம், மிளகாய், உப்பு, சிறிது புளி சேர்த்து இடித்துத் துவையலாக்கினால் மோர்சாதத்துக்கு வேறொன்றும் தேவைப்படாது.

பாலோடு புளிப்புப் பழங்களைச் சேர்ப்பதை விருத்த ஆகாரம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு, என்று சரகர் விலக்குகிறார்; அந்தப் பட்டியலில் மாதுலுங்கமும் உண்டு. ஆரஞ்சு மில்க்‌ஷேக் விரும்பிகள் மன்னிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்பவர்கள் பம்ளிமாசைப் போன்ற எலுமிச்சை இனப் பழமான கிரேப்ஃப்ரூட்டை மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. அது மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும்.

பருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றும் மழையுமாய்க் குளிர்ந்திருக்கும் நாள்களில் புளிப்பும் உப்பும் நெய்ப்பும் தூக்கலாக உண்ணச் சொல்கிறது நூல். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் சரத் காலம் பித்தம் பெருகும் காலம் என்பதால் அப்போது புளிப்பைக் குறைக்க வேண்டும். அந்தச் சரத் காலம் ஏறக்குறைய ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வடநாட்டில் அப்போது வானம் வெளுத்திருக்கும். தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆகவே பஞ்சாங்கத்து மாதத்தைப் பாராமல் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து, அடைமழையாக இருந்தால் அன்றைக்கு நார்த்தங்காய் ஜாடியைத் தயங்காமல் திறக்கலாம்.