தோட்ட ஆஸ்பத்திரியை மேடையாக்கப் போறீங்களா? முதல்ல ஜன்னலை அடைக்காதீங்க

வணக்கம் மக்களே. மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கத்துலேருந்து பேசுறேன். எனக்குப் பின்னால நீளமா தெரியுதே, அது பழைய தோட்ட ஆஸ்பத்திரியோட தனிமை வார்டு. காலரா, அம்மைன்னா ஆளை லயத்துலேருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுலேருந்து, பிரிச்சு வைக்கிறதுக்குன்னு கட்டினது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு இந்த மாதிரிக் கட்டடங்கள் நிறைய இடத்துல சும்மா கிடக்கு. இதை நாடகம், பரதம், கண்காட்சின்னு ஊர் மண்டபமா மாத்தலாமேன்னு கேக்குறவங்களுக்குத்தான் இந்த வீடியோ.

மாத்தலாம். ஆனா ஒண்ணு. நோய் பரவாம இருக்கக் கட்டின இடத்துல காத்து எப்படிப் போகணும், தண்ணி எங்க ஓடணும், யார் எந்த வாசல்ல வரணும் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும். அதைப் படிக்காம கைவச்சா, மண்டபமும் கிடைக்காது, கட்டடமும் மிஞ்சாது.

அப்படிக் கட்டின இடத்தை நல்லா மாத்தினதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இத்தாலியில அன்கோனான்னு ஒரு துறைமுகம். அங்க 1733-ல லூயிஜி வான்விடெல்லின்னு ஒரு கட்டடக் கலைஞர், கடல்ல செயற்கைத் தீவு போட்டு, ஐங்கோணத்துல ஒரு தனிமைக் காப்பகத்துக்குத் திட்டம் போட்டார். பரப்பு சுமார் 20,000 சதுர மீட்டர். நடு முற்றத்துல கொள்ளைநோயிலேருந்து காக்குற சாமியா அவங்க கும்பிடுற புனித ரோக்குக்கு ஒரு சின்ன மண்டபம், முற்றத்துக்கு அடியில மழைத்தண்ணித் தொட்டி. பிறகு ராணுவம் வச்சிருந்தது, சர்க்கரை ஆலை இருந்தது, புகையிலைக் கிடங்கா இருந்தது. இப்ப அது கண்காட்சியும் கச்சேரியும் நடக்குற இடம். 2012-லேருந்து அங்க ஓமெரோ அருங்காட்சியகமும் இருக்கு. கண் தெரியாதவங்களும் சிற்பத்தைக் கையால தடவிப் பார்க்குற அருங்காட்சியகம். யாரையும் தொடக்கூடாதுன்னு கட்டின இடத்துல தொட்டுப் பார்க்கத்தான் உள்ளேயே விடுறாங்க!

அதே இத்தாலியில மிலான்ல இருந்த தனிமைக் காப்பகத்தைப் பத்தியும் சொல்லணும். 280-க்கு மேல அறை, நடுவுல பெரிய திடல். திடல் நடுவுல சுத்திலும் திறந்த ஒரு சிற்றாலயம். நோயாளி அறையை விட்டு வெளியே வராமலே பூசையைப் பார்க்கணும், அதுக்காக அப்படி. காப்பகத்தைப் பெரும்பாலும் இடிச்சுட்டாங்க, அந்த ஆலயம் மட்டும் இன்னும் நிக்குது. நமக்கு அதுல ஒரு பாடம் இருக்கு. உங்க ஆஸ்பத்திரியில ரெண்டு வார்டுக்கு நடுவுல முற்றம் இருந்தா, மேடையை அந்த முற்றத்துல போடுங்க. சுத்தி இருக்குற வராந்தா எல்லாமே ஆள் உக்கார்ற இடம். மழை வந்தாலும் பாக்குறவங்க நனைய மாட்டாங்க.

நம்ம பக்கத்துல ஜெரெஜாக் தீவு இருக்கு. பினாங்குக்குக் கப்பல்ல வந்த நம்ம ஆளுங்களை இறக்கிச் சோதிச்ச இடம். தொழுநோயாளிகளை வச்ச இடமும் அதுதான், 1969-லேருந்து 1993 வரைக்கும் சிறையும் அதுதான். நம்ம தாத்தா பாட்டி கதையில வர்ற கட்டடங்கள் இதெல்லாம். அதனாலதான் இந்த வார்டைச் சும்மா ஒரு பழைய ஹாலா நினைச்சு வேலை செய்யக்கூடாதுங்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் கேள்வி எப்பவும் இதுதான்: "உள்ள பழைய கிருமி இருக்காதா?" பல பத்து வருசமா வெயிலும் காத்தும் அடிச்ச செவுத்துல பழைய நோயாளியோட கிருமிக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேற. உத்தரத்துல வௌவால் எச்சம், மூலையில எலி மூத்திரம், கூரையில ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பச்சை நீல எண்ணெய்ச் சாயத்துல ஈயம். வௌவால் எச்சத்தைக் காய்ஞ்சபடி கூட்டினா தூசியோட பூஞ்சை நுரையீரலுக்குள்ள போகும். தண்ணியை மெல்லத் தெளிச்சு நனைச்சு, என்95 முகக்கவசம் போட்டு, அள்ளிப் பையில கட்டுங்க. எலி இருந்த தரையில குளோராக்ஸ் (பிளீச்) ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு கலந்து ஊத்தி ஊற விட்டுத் துடைங்க. ஆஸ்பெஸ்டாஸை உடைக்காதீங்க, துளை போடாதீங்க, வாட்டர் ஜெட் அடிக்கவே அடிக்காதீங்க. அதைக் கழட்டி அப்புறப்படுத்துறது உரிமம் உள்ளவங்க வேலை, சாதாரணக் குப்பை லோரியில ஏத்த முடியாது. பழைய சாயத்தையும் காய்ஞ்ச உப்புத்தாளால தேய்க்காதீங்க.

அடுத்தது செவுரு. கேமராவைக் கீழ கொண்டு போறேன், பாருங்க. தரையிலேருந்து இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. மண்ணுல உள்ள ஈரம் செங்கல் வழியா மேல ஏறி, காயும்போது உப்பை விட்டுட்டுப் போகுது. பழைய செவுரு சுண்ணாம்புல கட்டினது, அது மூச்சு விடும். இதுல சிமெண்டு பூசினா ஈரம் வெளிய வர வழி இல்லாம இன்னும் மேல ஏறும். பூச்சு மறுபடி உப்பிக் கொட்டும், கூடவே செங்கலோட முகத்தையும் பேத்துக்கிட்டு வரும். ஆளுங்க "சிமெண்டு தரம் சரியில்ல"ன்னு சொல்லி இன்னும் கெட்டியா பூசுவாங்க. வீண் செலவு.

செவுத்தைத் தொடுறதுக்கு முன்னால வெளியே கால்வாயைச் சரி பண்ணுங்க. கூரைத்தண்ணி செவுத்தடியில விழக்கூடாது. பிறகு சிமெண்டுப் பூச்சை ஈரக் கறைக்கு மேல ஒரு அடி வரைக்கும் உரிச்சு எடுங்க. செவுரு காய 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாசம்னு பொதுவா ஒரு கணக்குண்டு. 9 அங்குலச் செவுருன்னா 9 மாசம், நம்ம ஈரக்காத்துக்கு இன்னும் கூடவே ஆகும். அந்த உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளணும். தண்ணி விட்டுக் கழுவினா அது கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும்.

பூச்சுக்கு ஊறவச்ச சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின மணல் மூணு பங்கு. கடல் மணல் வேண்டாம், அதுலயே உப்பு. சுண்ணாம்புக்கு நாம ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல, ஈப்போவைச் சுத்தி சுண்ணாம்பு மலைதானே. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல பூசாதீங்க. சுண்ணாம்பு காத்துல உள்ள கரிவாயுவை இழுத்துத்தான் இறுகும், அதுக்கு லேசான ஈரமும் வேணும். வெயில் படுற பக்கம் ஈரச் சாக்குத் தொங்க விடுங்க, இல்லன்னா மேல்பக்கம் வெடிச்சிரும். மேல சுண்ணாம்படிச்சா போதும், நாலஞ்சு தடவை, தண்ணியா. கடையில விக்கிற பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா திரும்ப அதே கதைதான்.

இப்ப சத்தம். பெரும்பாலான மண்டபம் கோட்டை விடுறது இங்கதான். நீளம் 30 மீட்டர், அகலம் 7, உயரம் நாலரைன்னு ஒரு வார்டை வச்சுக்குவோம். கனஅளவு 945 கன மீட்டர். அதை 0.161-ஆல பெருக்கி, சத்தத்தை உறிஞ்சுற பரப்பால வகுத்தா, கை தட்டின சத்தம் அடங்க எத்தனை நொடின்னு வரும். வெறும் சிமெண்டுத் தரை, பூசின செவுரு, பலகைச் சீலிங்னா உறிஞ்சுற பரப்பு 38 சதுர மீட்டர் இருந்தா அதிகம். கணக்குப் போட்டா 4 நொடி. பேச்சுக்கு ஒரு நொடி போதும், பாட்டுக்கு ஒன்றரைக்குள்ள இருக்கணும். 4 நொடியில நாடக வசனம் ஒண்ணும் விளங்காது.

இப்ப 100 பேர் உக்காருறாங்க. ஒருத்தர் உறிஞ்சுறது 0.45 சதுர மீட்டர்னு போட்டா 45 கூடும், 1.8 நொடிக்கு வந்துரும். அடுத்துதான் விசயம்: திறந்த ஜன்னல் தன் மேல படுற சத்தத்தை முழுசா வெளியே விட்டுரும். 1.2-க்கு 1.5 மீட்டர் ஜன்னல் 16 திறந்தா 29 சதுர மீட்டர். நேரம் 1.4-க்கு இறங்கிரும், ஒரு காசு செலவில்ல. காத்து குறுக்கே ஓடணும்னு வச்ச ஜன்னல்தான் அது. ஏர்கொண் போடுறேன்னு அதைச் செங்கல் வச்சு அடைச்சிட்டு, அப்புறம் எதிரொலிக்குன்னு பஞ்சுப் பலகை வாங்குறாங்க. இன்னும் குறைக்கணும்னா நீளச் செவுத்துல ஒரு பக்கம் மட்டும் 30 சதுர மீட்டருக்குக் கனமான திரையை மடிப்பு மடிப்பா தொங்க விடுங்க. ரெண்டு செவுரும் நேருக்கு நேரா வெறுமையா நின்னா சத்தம் பட்பட்னு அடிக்கும்.

உறுமி மேளத்துக்கு இந்தத் திரை வேலைக்கு ஆகாது. அடித்தொனியைத் துணி பிடிக்காது, அதுக்கு 100 மில்லிமீட்டர் ராக்வூலை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கின பஞ்சை, மூலையில இடைவெளி விட்டு நிறுத்தணும். அதைவிட உறுமியை முற்றத்துக்கு அனுப்புறது புத்திசாலித்தனம்.

தகரக்கூரையில மழை விழுந்தா மைக்கும் தோத்துரும். தகரத்துக்கு அடியிலயே 50 மில்லிமீட்டர் ராக்வூல் விரிங்க. ஆனா உச்சியில ரெண்டாவதா தூக்கின சின்னக் கூரை இருக்குல்ல, சூடு அது வழியாத்தான் வெளியேறுது. அதைத் தட்டையா சீலிங் போட்டு மூடாதீங்க. மூடினா மத்தியானம் உள்ள இருக்க முடியாது.

கரண்டுக்குப் பதிவுபெற்ற வயர்மேன் வேணும், பேரம் பேசாதீங்க. பழைய ரப்பர் வயரை முழுசா உருவிருங்க. லைட், ஸ்பீக்கர், காத்தாடி எல்லாம் சேர்ந்து இழுக்குற மின்சுமை 12 கேவிஏ தாண்டினா மூணு பேஸ் இணைப்பு கேக்கணும். சவுண்ட் சாமான் எல்லாம் ஒரே பேஸ்ல, ஒரே எர்த்துல இருக்கட்டும், லைட் வேற பேஸ்ல போகட்டும். கலந்தா ஸ்பீக்கர்ல ஊம்னு ஒரு இரைச்சல், யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

வார்டோட ரெண்டு கோடியிலயும் கதவு இருக்கும். நோயாளி வர்ற வழி வேற, சுத்தமான சாமான் வர்ற வழி வேறன்னு வச்சது. பொம்பாவும், அதாவது தீயணைப்புத் துறையும், வெளியேற ரெண்டு வழிதான் கேப்பாங்க. ஒண்ணைப் பூட்டி ஸ்டோர் ஆக்காதீங்க, கதவு வெளிப்பக்கமா திறக்கணும்.

இதெல்லாம் செய்யுறதுக்கு முன்னால நிலத்து கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தைப் பாருங்க. தோட்ட நிலம் பெரும்பாலும் விவசாய வகை. தேசிய நிலச் சட்டம் 124-ஆம் பிரிவுல வகை மாத்த நில உரிமையாளர்தான் மனுப் போடணும். அந்த உரிமையாளர் தோட்டக் கம்பெனின்னா, அவங்க எழுத்துல ஒத்துக்காம ஒரு மூட்டை சுண்ணாம்புகூட வாங்காதீங்க. பிறகு மஜ்லிஸ்ல, அதாவது ஊராட்சி மன்றத்துல, கட்டடப் பயன்பாட்டை மாத்த அனுமதி, அதுக்குப் பிறகு பொம்பா.

நேரம் பத்திக் கடைசியா. நம்ம பக்கம் ஏப்ரல் மேயும், அக்டோபர் நவம்பரும் நல்ல மழை, கூரையைப் பிரிக்கிற வேலையை அந்த மாசங்கள்ல வைக்காதீங்க. இடி பெரும்பாலும் மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் விழுது. மெயின் போர்டுல மின்னல் தடுப்பு போட்டிருந்தாலும் மிக்சரைச் சொருகி வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. சவுண்ட் செக்கைக் காலையில முடிச்சிட்டு, எல்லாத்தையும் பிடுங்கி வச்சிருங்க.